கழுதைப்புலி விற்ற புல்

ஒரு காட்டில் குதிரைகள் வாழ்ந்தன. குதிரை வண்டியில் அல்லவா இருக்கும், காட்டில் ஏது என்று கேட்காதீர்கள். வண்டியும் சேணமும் வருவதற்கு முன்னால் குதிரையும் காட்டில்தான் இருந்தது. அதிலும் இந்தக் கூட்டம் யாருக்கும் முதுகு கொடுக்காத கூட்டம்.

அந்தக் குதிரைகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாயத் தொடங்கியதும் குட்டிகளை நடுவில் விட்டு, பெரிய குதிரைகள் சுற்றிலும் வளையமாக நிற்கும். தலைகள் உள்பக்கம், பின்கால்கள் வெளிப்பக்கம். குதிரையின் பின்கால் உதை எப்படி இருக்கும் என்பது அதை வாங்கியவனுக்குத்தான் தெரியும். சிறுத்தைக்குத் தெரியும். ஆகவே அது அந்தப் புல்வெளிப் பக்கம் தலைகாட்டி வெகு காலம் ஆகியிருந்தது. இளங்குதிரைகளில் சில சிறுத்தையைப் பார்த்ததே கிடையாது. வராத சிறுத்தைக்காக எதற்குத் தினமும் கால் கடுக்க நிற்கவேண்டும் என்று அவை முணுமுணுத்தன.

செவலை மட்டும் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அவள் ஒரு தாய்க்குதிரை. முதலில் பிறந்த குட்டியை நோய்க்குப் பறிகொடுத்தவள். இப்போது இருப்பது ஒன்றே ஒன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு பிறந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர். சருகு அசைந்தால்கூடச் செவலையின் காதுகள் நிமிர்ந்துவிடும். சுட்டி நாலு எட்டு தள்ளிப் போனால் அவளும் பின்னாலேயே போவாள். பயம்தான் அவளுடைய சுபாவம். அதை அவள் ஒளித்ததும் இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. புல்வெளி முதலில் மஞ்சளானது, பிறகு மண் தெரிந்தது. ஓடையில் தண்ணீர் நூலாக ஓடியது. குதிரைகள் காலையிலிருந்து மேய்ந்தும் பாதி வயிறு நிறையவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு குகை இருந்தது. அதில் வரியன் என்ற கழுதைப்புலி குடியிருந்தான். பொறுமைசாலி. எதற்கும் அவசரப்படமாட்டான். புல் பச்சையாக இருந்த நாளிலேயே அவன் முயல்களை மிரட்டி, புல்லைக் கடித்து வெட்டச் சொல்லி, காயவைத்துக் கட்டுக்கட்டாகக் குகைக்குள் அடுக்கியிருந்தான். முயல்களுக்கு அவன் கொடுத்த கூலி, அவற்றைத் தின்னாமல் விட்டது.

காய்ந்த புல்லின் வாசனை காற்றில் வந்ததும் குதிரைகள் குகை வாசலுக்குப் போய் நின்றன. கூட்டத்தின் தலைவன் கரியன் முன்னால் வந்தான். கரியன் கணக்குப் பார்ப்பதில் கெட்டிக்காரன். எது மலிவு, எது லாபம் என்பதிலேயே அவன் புத்தி ஓடும்.

"ஒரு கட்டுக்கு என்ன விலை?" என்று அவன் கேட்டான்.

"நமக்குள் என்ன விலை, தம்பி?" என்றான் வரியன். "அந்தி சாயும் நேரத்தில் மான்களும் காட்டெருமைகளும் இந்தப் புல்மேல் கண் வைக்கின்றன. உங்களில் ஒருவர் வந்து இருட்டும் வரை இங்கே காவல் நின்றால் போதும். ஒரு காவலுக்கு ஒரு கட்டு."

கரியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்பது குதிரைக்கு ஒரு வேலையா? நின்றுகொண்டே தூங்குகிற சாதி அது. அந்தியில் எப்படியும் வளையத்தில் நிற்கத்தான் போகிறோம், அங்கே நின்றால் என்ன, இங்கே நின்றால் என்ன என்று அவன் கூட்டத்துக்குச் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். செவலையும்தான். சுட்டியின் விலா எலும்புகள் தெரியத் தொடங்கியிருந்தன.

முதலில் ஒரு குதிரை காவலுக்குப் போனது. வளையத்தில் அந்த இடத்தை மற்றவை நெருங்கி நின்று மூடிக்கொண்டன.

பிறகு ஒருநாள் வரியன் புல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். இன்னும் எத்தனை நாளைக்கு வருமோ தெரியவில்லையே என்று தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னான். அவ்வளவுதான். அந்தப் பேச்சு தீப்போலப் பரவியது. நேற்றுவரை ஒரு கட்டைப் பகிர்ந்து தின்ற குதிரைகள் இன்று ஆளுக்கு ஒரு கட்டு கேட்டன. தின்றது போக மீதியைப் புதருக்குள் ஒளித்துவைத்தன. அடுத்த குதிரை ஒளிப்பதைப் பார்த்த குதிரை தானும் ஓடிப்போய் இன்னொன்று வாங்கியது. செவலையும் ஒரு கட்டை முட்செடிக்கு அடியில் தள்ளிவைத்தாள். பயப்படுகிறவள் சும்மா இருப்பாளா?

"என்னை நோகாதீர்கள், கேட்பவர்கள் கூடினால் விலையும் கூடும்" என்றான் வரியன். "இனி ஒரு கட்டுக்கு இரண்டு காவல்."

சில நாளில் இரண்டு நான்கானது. ஒவ்வொரு முறை விலை ஏறும்போதும் குதிரைகள் பதறின. பதறியதால் இன்னும் வாங்கின. வாங்கியதால் விலை இன்னும் ஏறியது. வளையத்தில் எஞ்சியவை எவ்வளவு நெருங்கி நின்றும் இடைவெளிகளை மூட முடியவில்லை. குட்டிகளுக்கோ கொண்டாட்டம். அந்தச் சந்துகளில் புகுந்து வெளியே ஓடுவதும் உள்ளே வருவதுமாக விளையாடின.

ஒரு மாலை, காற்றில் ஒரு நெடி வந்தது. சிறுத்தையின் நெடி என்று செவலைக்குப் பட்டது. அவள் கரியனிடம் ஓடிச் சொன்னாள். உனக்கு எந்தக் காற்றிலும் சிறுத்தைதான் வீசும் என்று சொல்லி அவன் காவலுக்குக் கிளம்பிவிட்டான்.

அடுத்த நாள் மாலை ஒரு குட்டியைக் காணவில்லை. வெண்காலி என்ற குதிரையின் குட்டி. தாயைப் போலவே அதற்கும் குளம்புக்கு மேலே வெள்ளை ரோமம். வெண்காலி அப்போது குகை வாசலில் காவலில் நின்றிருந்தாள். விடிய விடியக் கனைத்துக்கொண்டே தேடினாள். பதில் கனைப்பு வரவில்லை. செவலை சுட்டியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அந்தக் கனைப்பைக் கேட்டாள். தன் குட்டி இல்லை என்று ஒரு கணம் நிம்மதிப்பட்டாள். அப்படி நிம்மதிப்பட்டதற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வரியன் துக்கம் கேட்க வந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை உங்களுக்குத் தெரியும். குதிரைகளுக்குத் தெரியாது.

"பசிதான் தங்கச்சி, எல்லாவற்றுக்கும் காரணம்" என்று வெண்காலியிடம் சொன்னான். "வயிறு காய்ந்தால் குட்டி தீனி தேடி வழி தவறிப் போகும். நிறையப் புல் வாங்கிப் போடுங்கள். மற்ற குட்டிகளாவது பிழைக்கட்டும்."

அதைக் கேட்டதும் குட்டி உள்ள குதிரைகளெல்லாம் பயந்துவிட்டன. அன்றே குகை வாசலில் முண்டியடித்தன. வரியன் எல்லோரையும் பொறுமையாகப் பார்த்தான். பிறகு கடைசி விலையைச் சொன்னான். இனிமேல் பெரிய குதிரைகள் அத்தனையும் காவலுக்கு வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் கூட்டத்துக்கே புல் கிடையாது.

செவலை கரியனை வழிமறித்தாள்.

"அண்ணா, எல்லோரும் போய்விட்டால் குட்டிகளை யார் பார்ப்பது?"

"புல் இல்லாவிட்டால் பார்ப்பதற்குக் குட்டி இருக்குமா?" என்றான் கரியன்.

செவலை சுட்டியைப் பார்த்தாள். சுட்டியின் வயிறு ஒட்டிக் கிடந்தது. வளையம் நின்ற இடத்தில் குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து, அசையக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று பலமுறை சொல்லிவிட்டு அவளும் நடந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வரியன் குதிரைகளை மலையைச் சுற்றித் தள்ளித் தள்ளி நிறுத்தினான். செவலைக்குக் குகை வாசல் கிடைத்தது. கொஞ்சம் வேலை இருக்கிறது, இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான்.

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. செவலை நின்றாள். உள்ளேயிருந்து புல் வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது. அன்று காற்றில் வந்த அதே நெடி. அவளுக்கு ஓடிப்போய்விடலாம் என்றிருந்தது. ஆனாலும் தலையை உள்ளே நீட்டி, மூக்கால் ஒரு கட்டைத் தள்ளிப் பார்த்தாள்.

பின்னால் எலும்புகள் கிடந்தன. பழையவையும் புதியவையுமாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னக் குளம்பு. அதன்மேல் வெள்ளை ரோமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

செவலைக்கு அது யாருடைய குளம்பு என்று தெரிந்தது. வரியன் புல் தின்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. சிறுத்தை தின்று மீந்ததைத் தின்கிறவன் அவன். இத்தனை நாளும் அவன் புல்லுக்குக் காவல் கேட்கவில்லை. குட்டிகளைச் சுற்றி நின்ற காவலை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். இன்றைக்கு மிச்சம் யாரும் இல்லை.

இப்போது என்ன செய்வது? தனியாக ஓடினால் ஒரு குதிரையால் சிறுத்தையை என்ன செய்ய முடியும்? கரியனிடம் சொன்னால் நம்பமாட்டான். எலும்பைக் காட்டி, பேசிப் புரியவைப்பதற்குள் பொழுது போய்விடும். சிறுத்தை என்று கத்தினாலோ, செவலை எப்போதும் கத்துவதுதான் என்பார்கள். அவர்கள் எதற்கு ஓடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை நாளும் அவளும் சேர்ந்துதானே ஓடினாள்.

அவள் கழுத்தை நிமிர்த்தி, மலை முழுக்கக் கேட்கும்படி கனைத்தாள்.

"புல்வெளியில் வரியன் புல்லைச் சும்மா கொடுக்கிறான்! முந்துகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்!"

சொல்லிவிட்டுப் பாய்ந்து ஓடினாள்.

ஒரு குதிரைகூட ஏன் என்று கேட்கவில்லை. எங்கே தனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அத்தனையையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டது. கரியன் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். மலைச்சரிவில் கற்கள் உருண்டன. செவலையின் காதில் குளம்புச் சத்தம் இடிபோலக் கேட்டது. அதையும் மீறி அவள் சுட்டியின் குரலைத் தேடினாள். கேட்கவில்லை.

புல்வெளியில் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சுட்டி ஓரத்தில் நின்றிருந்தது. சத்தம் போடாதே என்று அம்மா சொன்னதால் அது சத்தம் போடவில்லை. அதற்கு நேர் எதிரே, பாய்ச்சலுக்குத் தயாராக வயிற்றைத் தரையில் பதித்துச் சிறுத்தை பதுங்கியிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு மேட்டின்மேல் வரியன் உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருந்தான்.

தரை அதிர்ந்தது. சிறுத்தை திரும்பிப் பார்த்தது. ஒரு கூட்டமே புழுதியைக் கிளப்பிக்கொண்டு தன்மேல் வருவதைக் கண்டது. சிறுத்தை முட்டாள் இல்லை. ஒரே தாவில் புதருக்குள் மறைந்தது.

குதிரைகள் மூச்சிரைக்க நின்றன. புல்லைத் தேடிய கண்களுக்குப் புதருக்குள் இழுபட்டுப் போன ஒரு புள்ளிவால்தான் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. குதிரைகள் நெருங்கிக் குட்டிகளைச் சுற்றி வளையமாக நின்றன. செவலை சுட்டியை முகர்ந்தாள். தலையிலிருந்து வால்வரை முகர்ந்தாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வரியன் மேட்டிலிருந்து இறங்கி வந்தான்.

"காவலை விட்டுவிட்டீர்களே," என்றான். "பேச்சு மாறியவர்களுக்கு இனி ஒரு கட்டும் கிடையாது."

கரியன் நடுங்கிப்போய் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். செவலை அவனை முந்திக்கொண்டாள். வரியனைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணா, நாங்கள் புல் சாப்பிடுகிறோம். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?"

வளையத்தில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்பின. குகையில் பார்த்ததைச் செவலை சொன்னாள். வெள்ளை ரோமம் என்று அவள் சொன்னபோது வெண்காலி வளையத்தை விட்டு வெளியே வந்தாள். வரியன் அவள் முகத்தைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவசரப்பட்டான். அவன் ஓட, அவள் துரத்த, இரண்டு பேரும் மலைக்கு அப்பால் போனார்கள். வெண்காலி மட்டும்தான் திரும்பி வந்தாள். பின்குளம்பில் ரத்தம் இருந்தது. என்ன ஆயிற்று என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

குகையிலிருந்த புல் முழுவதும் இப்போது கேட்பாரற்றுக் கிடந்தது. குதிரைகள் பகலில் போய், கட்டுகளை வாயில் கவ்வி இழுத்து வந்து வளையத்துக்குள் போட்டன. குட்டிகள் தின்றன. பெரியவையும் அளவாகத் தின்றன. மழை வரும் வரைக்கும் அது போதுமானதாக இருந்தது.

வெண்காலி மட்டும் அதில் வாய் வைக்கவில்லை. மரப்பட்டையைச் சுரண்டித் தின்று நாளுக்கு நாள் இளைத்தாள். பொறுக்க முடியாமல் கரியன் ஒருநாள் தானே ஒரு கட்டைக் கவ்விக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தான். தலையைத் தொங்கப்போட்டபடி, "சாப்பிடம்மா. இதற்கு இனிமேல் விலை இல்லை" என்றான்.

வெண்காலி அந்தக் கட்டை மூக்கால் தள்ளிவிட்டாள்.

"என்னிடம் விலை வாங்கியாகிவிட்டது, அண்ணா" என்றாள்.

நீதி: விலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், விற்பவனுக்குப் பசி எதன்மேல் என்று கேள்.