விழுங்கிய பிறகு

ஊர்ப் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஏதோ ஒரு ஊர். ஊருக்கு வெளியே ஒரு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில், காசநோய்க் கிருமியை வளர்த்து ஆராய்கிற ஒரு லேப். லேபின் தலைவி டாக்டர் ஜுபைதா. அவரிடம் பாடம் கேட்க வந்தவர் டாக்டர் தணிகாசலம்.

சீடருக்குத் தலை நரைத்துவிட்டது. குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஊர் ஊராக வைத்தியம் பார்த்து அலுத்துப்போய், 'இந்தக் கிருமி எப்படித்தான் சாகாமல் கிடக்கிறது, பார்த்துவிடுகிறேன்' என்று ஐம்பது வயதுக்கு மேல் வந்து சேர்ந்தவர் அவர். நல்ல மனிதர். ஆனால் அநியாயத்தைக் கண்டால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

கிருமியைக் கண்டால் விழுங்குகிற செல்கள் மனித ரத்தத்தில் உண்டு. அவற்றை எடுத்துத் தட்டுகளில் வளர்த்து, காசநோய்க் கிருமியை அவற்றோடு சேர்த்திருந்தார்கள். பிறகு ஒரு தட்டைக் கழுவிச் சாயம் ஏற்றினார்கள். சாயத்தில் கிருமி சிவப்பு, செல் நீலம்.

தணிகாசலம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

"வெளியே ஒண்ணுகூட இல்ல மேடம். அத்தனையும் செல்லுக்குள்ள போயாச்சு. ஆட்டம் க்ளோஸ்!"

"அப்படியா?"

"நீங்களே பாருங்க."

ஜுபைதா பார்க்கவில்லை.

"இன்னொரு தட்டை எடுங்க சார். செல்லை உடைங்க. உள்ளே இருக்கறதை முட்டை ஊடகத்துல விடுங்க."

முட்டை ஊடகம் என்பது கோழி முட்டையைக் கலந்து கண்ணாடிக் குழாயில் உறையவைத்தது. இந்தக் கிருமி அதில் விரும்பி வளரும். ஆனால் ஆடி அசைந்துதான் வளரும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செத்ததை எதற்கு வளர்க்கச் சொல்கிறார் என்று தணிகாசலத்துக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். இருந்தாலும் சொன்னபடி செய்தார்.

இடையில்தான் அந்தச் செய்தி வந்தது. பெண்கள் வார்டு நர்ஸ் காணிக்கைமேரிக்குக் காசநோய்.

ஏன் வராது? காசநோய் வார்டுக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ, காற்றும் அவ்வளவு முக்கியம். ஒரு பக்க ஜன்னலில் நுழைந்து எதிர்ப் பக்க ஜன்னலில் வெளியேற வேண்டும். அப்போதுதான் இருமிய காற்று வார்டிலேயே தங்காது. நிர்வாக அதிகாரி வரதராஜுலு என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பத்திரியைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் உட்கார்ந்து காபி குடிக்க ஒரு ஏசி அறை கட்டினார். எங்கே? வார்டின் மேற்குச் சுவரை ஒட்டி. அதற்காக மேற்கு ஜன்னல் அத்தனையையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். கேட்கிறவர்களுக்கே பற்றிக்கொண்டு வரும். தணிகாசலத்துக்கு வராமல் இருக்குமா?

நேராக ஆபீஸ் வராந்தாவில் போய் நின்று கத்தினார்.

"இருமிக்கிட்டுக் கிடக்கறவங்களுக்குக் காத்து வேண்டாம், காபி குடிக்க வர்றவனுக்கு ஏசி வேணுமாய்யா? மேரிக்குப் பால்குடி மறக்காத பிள்ளை இருக்கு. யாரு பதில் சொல்றது?"

ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. வரதராஜுலு கோபப்படவே இல்லை. கைகூப்பினார்.

"சார் கேக்கறது நியாயம். நானே சொல்றேன், விசாரணைக் குழு ஒண்ணு போடுவோம். தலைவரா சாரே இருக்கட்டும். நான் செயலாளரா கூடமாட இருந்து உதவறேன்."

கூட்டம் கைதட்டியது. தணிகாசலம் மார்பை நிமிர்த்திக்கொண்டு லேபுக்கு வந்தார்.

"பிடிச்சுட்டேன் மேடம்! அந்த ஆளையே குழுவுக்குள்ள கொண்டுவந்துட்டேன். இனி எங்கே ஓடுவார்?"

"குழு எதுக்கு சார்? கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை உடைங்க. நானும் வந்து பக்கத்துல நிக்கறேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்கே மேடம். நாமளே மீறினா எப்படி?"

ஜுபைதா எழுந்துபோய் முட்டை ஊடகக் குழாய்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். மஞ்சள் பரப்பு முழுக்க ரொட்டித் தூளை உதிர்த்த மாதிரி கிருமி வளர்ந்து கிடந்தது.

தணிகாசலத்துக்கு முகம் விழுந்துவிட்டது.

"செல் விழுங்கிடுச்சே மேடம். நான் கண்ணால பார்த்தேனே."

"விழுங்கினதைப் பார்த்தீங்க. செரிச்சதைப் பார்த்தீங்களா?"

"அது எப்படி செரிக்காம இருக்கும்?"

"உள்ளே போன கிருமி ஒரு பையில உட்கார்ந்திருக்கும். அமிலமும் செரிமானச் சாறும் வேற பையில இருக்கு. அது வந்து இதோட சேர்ந்தாத்தான் கிருமி சாகும். இந்தக் கிருமி அதைச் சேர விடாது."

"எப்படித் தடுக்கும்?"

"தான் இருக்கற பையை, இப்பத்தான் உள்ளே வந்த பை மாதிரியே வச்சிருக்கும். செரிக்க இன்னும் நேரம் வரலைன்னு செல் நினைச்சுக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"வருஷக்கணக்கா."

"அடப்பாவி! வெளியே காவல் சுத்தற மத்த செல்லெல்லாம் என்ன பண்ணும்?"

"அதுங்க கண்ணுல லேசுல படாது. நம்ம ஆளுக்குள்ளதானே இருக்குன்னு விட்டுடும்."

"சோத்துக்கு?"

"செல்லோட கொழுப்புதான். செல்லைக் கொழுக்க வைக்கும். அதுலேர்ந்தே எடுத்துத் தின்னும்."

தணிகாசலம் மேஜையை ஓங்கிக் குத்தினார். குழாய்கள் ஆடின.

"இவ்வளவு நடக்குது, அந்தச் செல்லுக்கு ரோஷமே கிடையாதா மேடம்?"

"ரோஷம் நிறைய இருக்கு சார். அதனாலதான் முதல் ஆளாப் போய் விழுங்குச்சு."

அவர் தலையாட்டினார். பாடம் புரிந்துவிட்டதாகத்தான் அவருக்கு நினைப்பு.

குழு கூடியது. எங்கே என்று கேளுங்கள். அதே ஏசி அறையில்! சுடச்சுட வடை, காபி. தலைவர் நாற்காலிக்கு முன்னால் தணிகாசலம் பேர் போட்ட பலகை. வீட்டுக்குப் போய்வர ஆஸ்பத்திரி காரையே வரதராஜுலு ஏற்பாடு செய்துவிட்டார்.

சுவரை உடைத்தால் கட்டடம் தாங்குமா என்று இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

"அடுத்த கூட்டத்துக்கு வந்துடுவார் சார்," என்றார் வரதராஜுலு.

அடுத்த கூட்டத்தில் இன்ஜினியர் லீவு. அதற்கடுத்து அவருக்கு மாற்றல். புதிதாக ஒருவர் வந்தார். "பாவம், இவருக்கு ஒண்ணும் தெரியாது சார், முதல்லேருந்து ஆரம்பிப்போம்," என்றார் வரதராஜுலு. குழு மறுபடியும் முதல் கூட்டம் போட்டது. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. தணிகாசலத்தின் சட்டை வயிற்றைப் பிடிக்க ஆரம்பித்தது.

காணிக்கைமேரி இடத்தில் இலக்கியா என்று ஒரு பெண் வேலைக்கு வந்திருந்தாள். படித்து முடித்த கையோடு வந்தவள். ஒருநாள் தணிகாசலத்தை வழிமறித்தாள்.

"சார், இந்த ஜன்னலை எப்ப திறப்பாங்க? மூச்சு முட்டுது சார்."

"குழு பார்த்துக்கிட்டிருக்கும்மா. நான்தானே தலைவர்? பயப்படாதே."

அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஆஸ்பத்திரியிலேயே பெரிய கோபக்காரர் சொல்கிறாரே.

ஜுபைதாவால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி டைரக்டரிடம் போனார்.

"உங்க சிஷ்யர்தானே மேடம் தலைவர்? அவரே பார்த்துக்கிட்டிருக்கும்போது நான் தலையிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் டைரக்டர்.

ஜுபைதா சொந்தப் பொறுப்பில் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டிலேயே காவலாளி நிறுத்திவிட்டார்.

"தலைவர் ஐயா சொல்லாம யாரையும் சுவர்ல கைவைக்க விடக் கூடாதுன்னு உத்தரவு மேடம்."

ஜுபைதா மூச்சிரைக்க லேபுக்கு வந்தார். தணிகாசலம் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சார். உடைக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கொத்தனார் கேட்லயே நிக்கறார்."

"கொஞ்சம் பொறுங்க மேடம். புது இன்ஜினியர் இப்பத்தான் வந்திருக்கார். வரதராஜுலுவும் நாம நினைச்ச மாதிரி இல்ல, நல்லா ஒத்துழைக்கறார். அடுத்த கூட்டத்துல முடிச்சுடுவோம்."

ஜுபைதா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. கோபத்தில் கலங்கியதுதான். பிறகு போய்க் கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார்.

வெயில் காலம் வந்தது. ஒரு காலை, ஜுபைதா சாயம் ஏற்றிய சளி ஸ்லைடு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"பார்த்துச் சொல்லுங்க சார்."

தணிகாசலம் குனிந்தார். நீலத்துக்கு நடுவே எங்கே பார்த்தாலும் சிவப்புக் குச்சிகள்.

"ஐயோ, இவ்வளவா? யாரு மேடம் இது? உடனே மருந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிச்சாச்சு."

"எந்த வார்டு பேஷண்ட்?"

"பேஷண்ட் இல்ல. இலக்கியா."

தணிகாசலம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் குருவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"சும்மா விடமாட்டேன் மேடம். இன்னிக்கே கூட்டத்தைக் கூட்டறேன். இந்த வாரமே குழுவோட அறிக்கை வந்தாகணும்."

"வந்தாச்சு சார்," என்றார் ஜுபைதா. "இப்ப நீங்க பார்த்துக்கிட்டிருக்கறது அதுதான்."