கைக்குக் கை போன சமாதானம்

தாமிரபரணிக்குத் தெற்கே பூவாணிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே புத்தியைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக விளையும். அந்த ஊர் மந்திரமூர்த்திக்கு ஒரு பெரிய துக்கம். பெண்டாட்டி உலகம்மாள் அவனோடு பேசி மாதக்கணக்காகிறது. மழைக்காலத்தில் அவள் வெளியூர் கிளம்பும்போது, "கூரையைப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது ஒழுகி ஒழுகி விழுகிறவரைக்கும் அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். அதுதான் அவன் செய்த குற்றம்.

உலகம்மாள் ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவள். பிஷப் வருகிற ஞாயிறன்று இவனும் வந்து, ஆராதனை முழுக்கச் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டால் பேசுவேன் என்று பக்கத்து வீட்டுக்காரி மூலம் சொல்லியனுப்பினாள். தனியாகப் போகப் பயந்து, மந்திரமூர்த்தி தன் கூட்டாளிகளான பேச்சிமுத்துவையும் இசக்கியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டான். ஒன்றுக்கு மூன்றாயிற்று.

சனிக்கிழமை புதியவர்களைக் கோயில் பாதிரியாரான ஐயர் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூன்றும் ஒன்றே என்றதும், எண்ணத் தெரியாத இசக்கிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பிஷப் மேய்ப்பர், நாம் மந்தை என்றதும், கோயிலுக்குள் புல் உண்டா என்று பேச்சிமுத்து கேட்டான். ஐயர் பொறுமைசாலி. எப்போது எழும்புவது, எப்போது முழங்கால் போடுவது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள், பிஷப் சொல்வதை அப்படியே செய்யுங்கள் என்று முடித்துவிட்டு, "சமாதானம், இவங்களுக்குக் காப்பி கொடும்" என்றார்.

சமாதானம் என்பது கோயில் மணியடிக்கிறவரின் பெயர். ஒல்லியான, வாயில்லாப் பூச்சியான மனிதர். காப்பி நன்றாக இருந்தது. மூவருக்கும் அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல் பாட்டுக்குச் சபை முழுதும் எழும்பிற்று. மந்திரமூர்த்தி பேச்சிமுத்துவைப் பார்த்தான். பேச்சிமுத்து இசக்கியைப் பார்த்தான். இசக்கி மந்திரமூர்த்தியைப் பார்த்தான். ஒருவரும் எழும்பவில்லை. பாட்டு முடிந்து எல்லாரும் உட்காருகிற சமயம் இசக்கி தும்மிக்கொண்டே எழும்ப, மூவரும் விறைப்பாக நின்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து உலகம்மாள் முறைத்ததும் மந்திரமூர்த்தி மற்ற இருவரையும் இழுத்து உட்காரவைத்தான். இனி ஒரு தப்புச் செய்தால் அவள் ஆயுசுக்கும் பேசமாட்டாள்.

அப்போது பிஷப், "சமாதானத்தை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றார்.

மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"எல, அவரு ஒத்த ஆளு. இம்புட்டுச் சனத்துக்கு எப்படிப் பகிர?" என்றான் பேச்சிமுத்து.

"வெட்டிப் பகிரவா முடியும்? காப்பி தந்த மனுசம்லா" என்றான் இசக்கி.

மந்திரமூர்த்தி நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "ஆளுக்குக் கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு அடுத்தவங்ககிட்ட கொடுத்துருவோம்."

வாசலில் நின்ற சமாதானத்தை அலாக்காகத் தூக்கி, தங்களுக்கு முன்னால் இருந்த பெஞ்சுக்காரர்கள் கையில் கொடுத்தார்கள். கீழே போட மனம் வராமல் அவர்களும் வாங்கி அடுத்தவரிடம் நீட்டினார்கள். பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கடைசியில் அவர் பிஷப்பின் கைக்கே வந்து சேர்ந்தார். பிஷப் அவரை மெல்ல இறக்கிவிட்டு, வழக்கப்படி கையைப் பிடித்து, "சமாதானம்" என்றார்.

"சொல்லுங்கய்யா" என்றார் அவர்.

ஆராதனை முடிவில் பிஷப், "சமாதானத்தோடே போங்கள்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை. மந்திரமூர்த்தியும் பேச்சிமுத்துவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, இசக்கி பின்னாலிருந்து தள்ள, சமாதானம் மந்திரமூர்த்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பின்னாலேயே வந்த உலகம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். பிஷப் சொன்னதை இதற்குமேல் யார் அப்படியே செய்ய முடியும்? அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "உம்மள வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? எல்லாரும் உக்காருங்க, சோறு போடுதேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு மந்திரமூர்த்தி அழுதே விட்டான்.

இலை போட்டுச் சாப்பிடுகிற நேரத்தில் சமாதானத்தின் அக்கா தங்கக்கனி மூச்சு வாங்க வந்து நின்றாள். "எங்க வீட்டுல சமாதானத்தக் காணலியே, இங்க இருக்கா?"

மந்திரமூர்த்திக்கு மனம் உருகிவிட்டது. அந்தக் கஷ்டம் அவனுக்குத் தெரியாததா?

"கவலப்படாதீங்கக்கா. எங்க வீட்டுக்கே இப்பதான் வந்திருக்கு. கொஞ்ச நாள் வச்சிருந்துட்டுத் தாரோம். அதுவரைக்கும் பேச்சிமுத்துவக் கூட்டிட்டுப் போங்க. அவனும் நல்லா மணியடிப்பான்."