தனித் தட்டு

“தாயே, எனக்கு விடை குடுங்க. நான் ஊரோட போயிருதேன்.”

தாமிரபரணிக் கரை மடத்தில் சமையல் பார்க்கிற மூத்த சிஷ்யை வடிவக்கா இப்படிச் சொன்னபோது, குரு தையல்நாயகித் தாய் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். குருவுக்கு வயது குறைவு. அதனால் அவரும் அக்கா என்றே கூப்பிடுவார்.

“எதுக்கு அக்கா?”

“மார்ல கட்டி. சோதிச்சுப் பாத்துட்டு புத்துநோய்னு சொல்லிட்டாரு டாக்டரு.”

தாயின் கை நின்றது.

“என்ன செய்யலாம்னாரு?”

“ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, ஆபரேஷன் பண்ணிரலாம், வெள்ளிக்கிழமை வாங்கன்னாரு. நான் போக மாட்டேன். கத்தி பட்டா உடம்பு பூரா பரவிருமாம்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்லுதாங்க.”

“அதுல யாருக்கு அப்படிப் பரவுச்சு?”

வடிவக்கா யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை. இந்த ‘எல்லாரும்’ எப்போதுமே அப்படித்தான். பேச வருவார்கள், கூப்பிட்டால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

“சரி, ஊருக்கு எதுக்கு?”

“இங்க இருந்தா மத்தவங்களுக்கும் ஒட்டிக்கிடும். நேத்துல இருந்து அடுப்புப் பக்கமே போகல. மாட்டுத் தொழுவத்துல தனித் தட்டு, தனி டம்ளர் வச்சிருக்கேன்.”

தாய் எழுந்து தொழுவத்துக்குப் போனார். டம்ளரில் பாதி மோர் இருந்தது. எடுத்துக் குடித்தார்.

“ஐயோ தாயே!”

“உப்பு பத்தல.”

வடிவக்கா உடைந்து அழுதார்.

“நாலு பிள்ளைக்குப் பால் குடுத்த மாரு தாயே! எங்க வம்சத்துல ஒருத்திக்கும் இது கிடையாது. நான் என்ன பாவம் செஞ்சேன்?”

தாய் தொழுவத்துக் கதவைச் சாத்தினார். இடது பக்கத்துக் காவித் துணியை விலக்கினார்.

அந்தப் பக்கம் மார்பு இல்லை. நீளமாக ஒரு தழும்பு மட்டும் இருந்தது.

வடிவக்காவுக்கு அழுகை நின்றுவிட்டது.

“எப்போ தாயே?”

“நீங்க மடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி.”

குருவின் இலையில் மிஞ்சுவதை மூத்த சிஷ்யை சாப்பிடுவது அந்த மடத்து வழக்கம். வந்த நாளிலிருந்து அதைச் சாப்பிட்டு வருபவர் வடிவக்காதான். உப்பு, ஊறுகாய், மிச்சச் சோறு எதையும் விட்டதில்லை. கத்தி பட்ட தாய்க்கு எங்கும் பரவவில்லை, கூடவே இருந்து சாப்பிட்ட மடத்தில் வேறு ஒருத்தருக்கும் ஒட்டவும் இல்லை. அது நினைவுக்கு வந்ததும் தனித் தட்டைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் பாதி இறங்கியது.

“நீங்க என்ன பாவம் செஞ்சீங்க தாயே?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தாய் சிரித்தார்.

“நானும் இதேதான் கேட்டேன். ஆபரேஷன் அன்னிக்குக் காலையில, டாக்டரம்மாகிட்ட.”

“என்ன சொன்னாங்க?”

“‘அது கிடக்கட்டும், காலையில எதுவும் சாப்பிடலியே?’ன்னாங்க.”

வடிவக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“காப்பிகூடவா குடிக்கக் கூடாது தாயே?”