ஏரிக்கரை பற்றி அழுங்கு ஆற்றிய நான்கு உரைகள்

ஒரு காட்டு ஏரியின் கரையில், வெளிப்புறச் சரிவில், உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னியான அழுங்கு ஒன்று கறையான் தேடித் தோண்டிக்கொண்டிருந்தது. இரண்டு முழம் தோண்டியதும் நகத்தில் ஈரம் பட்டது. மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தது. அது மழை ஈரம் இல்லை. ஏரித் தண்ணீரின் வாசனை.

அழுங்கு இன்னும் கொஞ்சம் தோண்டியது. கரையின் உள்பக்கத்தைக் கறையான்கள் அரித்து வைத்திருந்தன. அந்தப் பொந்துகள் வழியாக ஏரி மெல்ல வெளியே கசிந்துகொண்டிருந்தது.

சரிவில் பதித்திருந்த கற்களில் மடையிலிருந்து மூன்றாவது கல்லுக்கு அடியில் ஒரு நண்டு குடியிருந்தது. அது தலையை நீட்டியது.

"உனக்கும் தெரிந்துவிட்டதா?" என்றது நண்டு. "ஒரு மாதமாக என் வளை ஈரமாகவே இருக்கிறது."

"அக்கா, இந்தக் கரை இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் தாங்கும். மலையில் மழை பெய்தால் அதுவும் இல்லை. பள்ளத்தில் இருப்பவர்களிடம் நீங்கள் சொல்லவில்லையா?"

"சொன்னேன். 'கரையில் ஓட்டை போடுகிறவளே ஓட்டையைப் பற்றிப் பேசுகிறாயா' என்று கேட்டார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். மண்ணைப் பற்றி உனக்குத் தெரியும் என்று எல்லாருக்கும் தெரியும்."

கரைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் முயல்கள், எலிகள், கௌதாரிகள் என்று நாற்பது குடும்பங்கள் இருந்தன. ஒரு முயலுக்கு மூன்று குட்டிகள் பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அழுங்கு அன்று சாயங்காலமே மருத மரத்தடியில் கூடிய சபைக்குப் போனது.

சபைக்குத் தலைவர் ஒரு காட்டெருமை. அது, "அழுங்கு ஏதோ சொல்ல வேண்டுமாம். அமைதியாக இருங்கள்" என்றது.

எல்லா விலங்குகளும் திரும்பி அழுங்கைப் பார்த்தன. அத்தனை கண்களை அழுங்கு ஒன்றாகப் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்தது. "கரை..." என்றது. அடுத்த நொடி பந்தாகச் சுருண்டுகொண்டது.

சபை காத்திருந்தது. பந்து அசையவில்லை. இரண்டு அணில்கள் அதை உருட்டிப் பார்த்தன. காட்டெருமை தொண்டையைக் கனைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுங்குக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் அது ஒரு மைனாவைத் தேடிப் போனது.

அந்த மைனாவின் பெயர் சொல்லழகி. அந்தப் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டிருந்தது. பேசத் தெரியாதவர்களுக்கு மேடையில் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் அதன் தொழில்.

"என்ன பேச வேண்டும்? சொல்லிக் காட்டு" என்றது மைனா.

அழுங்கு தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னது. "கரையில் மூன்றாவது கல்லுக்குக் கீழே ஓட்டை விழுந்திருக்கிறது. கரை பத்து நாள்தான் தாங்கும். பள்ளத்தில் இருப்பவர்கள் எல்லாரும் மேட்டில் இருக்கும் யானைப்பாறைக்குக் குடிபோக வேண்டும்."

மைனா கண்ணை மூடிக்கொண்டது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அம்மா."

"கல், ஓட்டை, பத்து நாள். இதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? முதலில் அவர்கள் மனதைத் தொட வேண்டும். 'கரை என்பது வெறும் மண்ணா?' என்று ஆரம்பி. கேட்டுவிட்டு இடது பக்கம் பார். பிறகு வலது பக்கம் பார். முக்கியமான இடத்துக்கு முன்னால் நிறுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணு. நிறுத்தம்தான் பேச்சுக்கு உயிர்."

"எல்லாரும் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறதே."

"உனக்குப் பிடித்தது எது?"

"கறையான் புற்று."

"எதிரில் உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் கறையான் புற்றுகள் என்று நினைத்துக்கொள். பயம் போய்விடும்."

மூன்று நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் அழுங்குக்கு நாக்கு வெளியே வந்து எச்சில் ஒழுகியது. மைனா அதையும் சரிசெய்தது. வாலை எப்போது உயர்த்துவது, குரலை எங்கே தாழ்த்துவது, எந்த இடத்தில் பெருமூச்சு விடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தது. கூலியாக அது ஒன்றும் கேட்கவில்லை. "பேச்சின் முடிவில் என் பெயரைச் சொல்லிவிடு, போதும்" என்றது.

"மூன்றாவது கல்லைப் பற்றி எந்த இடத்தில் சொல்வது?" என்று அழுங்கு கேட்டது.

"அது வேண்டாம். ஓட்டம் கெட்டுவிடும்."

நான்காம் நாள் சபையில் அழுங்கு எழுந்து நின்றது. எதிரே இருந்தவர்கள் புற்றுகளாகத் தெரிந்தார்கள். சுருண்டுகொள்ளத் தோன்றவே இல்லை.

"கரை என்பது வெறும் மண்ணா?" என்று கேட்டது. இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் பார்த்தது. மூன்று எண்ணியது. "இல்லை. அது நம் தாயின் மடி. அந்த மடியில் இன்று ஒரு விரிசல்."

கௌதாரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. "விழித்தெழுவோம்" என்று சொல்லி, சொல்லழகியின் பெயரையும் சொல்லி அழுங்கு பேச்சை முடித்தபோது மருத மரம் அதிரும்படி கைதட்டினார்கள்.

"அன்றைக்குச் சுருண்டு கிடந்தவனா நீ" என்றது காட்டெருமை. "என்ன பேச்சு, என்ன பேச்சு."

மூன்று குட்டிகளுக்குத் தாயான முயல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. "எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணே. என் வீட்டுக்காரரையும் கூட்டிவராமல் போனேனே" என்றது. பிறகு பள்ளத்தில் இருந்த தன் புதருக்கே திரும்பிப் போனது. மற்றவர்களும் அப்படியே போனார்கள்.

நண்டு வளை வாசலில் காத்திருந்தது.

"சொல்லிவிட்டாயா?"

"சொன்னேன் அக்கா. நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மரமே அதிர்ந்தது."

"பாறைக்குப் போகச் சொன்னாயா?"

அழுங்கு யோசித்தது. "விழித்தெழச் சொன்னேன்."

"எழுந்து எங்கே போவது என்று சொன்னாயா?"

அழுங்கு அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டது.

அடுத்த முறை மூங்கில் காட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இருந்த மான்களுக்கும் இந்தக் கரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அழுங்கு போனது. மான்கள் காதுகளை விறைத்துக்கொண்டு கேட்டன. திரும்பி வந்தபோது நண்டு, "நேற்று வரை என் வளைக்குள் கொடுக்கை மடக்கிக்கொண்டு நடந்தேன். இப்போது விரித்துக்கொண்டே நடக்கலாம். ஓட்டை அவ்வளவு பெரிதாகிவிட்டது" என்றது.

"நல்ல உதாரணம் அக்கா. பேச்சில் சேர்த்துக்கொள்கிறேன்" என்றது அழுங்கு.

மைனாவிடம் சொன்னபோது அது உதட்டைப் பிதுக்காத குறைதான். "நண்டின் கொடுக்கு யார் மனதைத் தொடும்? அந்த இடத்தில் தாயின் கண்ணீர் என்று போடு" என்றது. அழுங்கு அப்படியே போட்டது. மூன்றாவது உரை அருவிக்கரையில் நடந்தது. தாயின் கண்ணீர் வந்த இடத்தில் கரடி ஒன்று விம்மி அழுதது. அன்று வீடு திரும்பும் வழியில் அழுங்கு தன் பெருமூச்சை இன்னும் கொஞ்சம் நீளமாக விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. கரையைப் பார்க்கவில்லை.

அதற்குள் மலையில் இரண்டு நாள் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி விளிம்பு வரை நிறைந்தது.

நான்காவது உரையைக் கேட்க ஆசைப்பட்டவர்களுக்கு மருத மரத்தடி போதவில்லை. "கரையைப் பற்றிய பேச்சைக் கரைமேலேயே வைத்தால் என்ன?" என்றது காட்டெருமை. எல்லாருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. சாயங்கால வெயிலில் பள்ளத்துக் குடும்பங்கள் கரையின் நீளத்துக்கும் உட்கார்ந்தன. குட்டிகளை மட்டும் புதர்களில் தூங்க வைத்துவிட்டு வந்திருந்தன.

அழுங்கு ஆரம்பித்தது. இதுவரை பேசியதில் அன்றுதான் மிக நன்றாகப் பேசியது. "அந்த மடியில் இன்று..." என்று சொல்லி நிறுத்தியது. மனதுக்குள் எண்ணத் தொடங்கியது.

அந்த மௌனத்தில் நண்டு சரிவிலிருந்து பக்கவாட்டில் நடந்து மேலே வந்தது. உடம்பெல்லாம் சேறு.

"மூன்றாவது கல் போய்விட்டது" என்றது. "என் வளை இருந்த இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. பள்ளத்தில் பிள்ளைகளை விட்டு வந்தவர்கள் இப்போதே போய்த் தூக்கிக்கொண்டு யானைப்பாறைக்கு ஓடுங்கள். முயலே, முதலில் உன் புதர்தான்."

கூட்டம் கைதட்டியது.

"நண்டை வைத்து நாடகம் மாதிரிச் செய்திருக்கிறான்" என்று ஓர் எலி பக்கத்திலிருந்த எலியிடம் சொன்னது. "என்னமாய் உருக்கமாக இருக்கிறது."

கிளையில் இருந்த மைனா கோபத்தோடு, "இது என் பாடத்தில் இல்லையே" என்றது.

அழுங்கு நண்டைப் பார்த்தது. நான்கு கால்களுக்கும் கீழே மண் மெல்ல நடுங்குவதை அப்போதுதான் உணர்ந்தது. தோண்டிப் பிழைக்கும் பிராணிக்கு அந்த நடுக்கம் என்னவென்று தெரியாதா? நாட்கணக்கில் இந்தக் கரைமேலேயே நடந்திருக்கிறோம், ஒரு முறைகூடக் காலுக்குக் கீழே கவனிக்கவில்லையே என்று அதற்கு உறைத்தது. புற்றுகளாகத் தெரிந்த கூட்டம் திடீரென்று முயல்களாகவும் எலிகளாகவும் தெரிந்தது. பழைய பயம் அத்தனையும் திரும்பி வந்தது. முதுகு வளையத் தொடங்கியது.

அது சுருளவில்லை. கூட்டத்துக்குள் இறங்கி முயலின் முன்னால் போய் நின்றது.

"எழுந்திரு" என்றது. குரல் கரகரத்தது. "உனக்குக் குட்டி எத்தனை?"

"மூன்று. ஏன் அண்ணே, பேச்சு முடிந்துவிட்டதா?"

"முடிந்துவிட்டது. இரண்டை நீ தூக்கு. ஒன்றை என் வாலில் ஏற்று. வா."

முயல் அழுங்கின் முகத்தைப் பார்த்தது. எழுந்து ஓடியது. முயல் ஓடியதைப் பார்த்து அதன் பக்கத்து வீட்டு எலி ஓடியது. எலி ஓடியதைப் பார்த்துக் கௌதாரிகள் ஓடின. பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை.

கடைசிக் குடும்பம் பாறையில் ஏறியபோது கரை உடைந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மண் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஏரி அதன்மேல் நடந்து போனது. புதர்கள், வளைகள், சேர்த்து வைத்த தானியம் எல்லாம் பழுப்புத் தண்ணீருக்குள் மறைந்தன. கொஞ்ச நேரத்தில் ஏரி இருந்த இடத்தில் சேறும், அதில் துள்ளும் மீன்களும்தான் மிச்சம்.

பாறைமேல் எல்லாரும் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வரப்போகும் கோடைக்குக் குடிக்கத் தண்ணீரும் இல்லை.

காட்டெருமை அழுங்கிடம், "ஆபத்து இருக்கிறது என்று எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா?" என்று கேட்டது.

"நான்கு முறை சொன்னேன் தலைவரே."

முயல் தன் குட்டியை நக்கிக்கொண்டே தலையைத் தூக்கியது. "நான்கு முறை பேசினீர்கள் அண்ணே. சொன்னது இன்றைக்குத்தான்" என்றது.

அழுங்கு வாலில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிக் குட்டியை மெதுவாக இறக்கி முயலிடம் கொடுத்தது.

மைனா பறந்து வந்து நண்டின் பக்கத்தில் உட்கார்ந்தது. "உன்னிடம் திறமை இருக்கிறது. குரலைக் கொஞ்சம் பழக்கினால் நன்றாக வருவாய். நாளைக்கு வா, நேராக நடக்கவும் கற்றுக்கொடுக்கிறேன்" என்றது.

"நாளைக்கு வரமுடியாது அம்மா" என்றது நண்டு. "எனக்கு வீடு தோண்ட வேண்டும்."

அதைக் கேட்டுப் பாறையில் இருந்த சிலர் கைதட்டினார்கள்.

ஒரு பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைக் கைதட்டலை வைத்து அளக்கக் கூடாது. கேட்டவர்கள் எழுந்து போய் என்ன செய்தார்கள் என்பதை வைத்தே அளக்க வேண்டும்.