மாரிச்செல்விக்கு ஒரு ட்ரோன்

ராணி டீச்சருக்கு ஆசிரமமும் கிடையாது, தாடியும் கிடையாது. வயசு முப்பதுகூட ஆகவில்லை. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு கால்பந்து மைதானத்தில் ட்ரோன் ஓட்டச் சொல்லிக்கொடுப்பார். வயலுக்கு மருந்து தெளிப்பவர்கள், கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் அங்கே வந்து படித்தவர்கள்தான். நானும் அவரிடம் படிப்பதால் சொல்கிறேன், அப்படி ஒரு குரு அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சண்முகையா அண்ணாச்சி அவருடைய சீடர். வயசில் டீச்சருக்கு மூத்தவர், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன். ஒரே ஒரு குணம், எதை வாங்கினாலும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டார். அவர் வீட்டு டிவி ரிமோட் இன்றுவரை வெளிக்காற்றைப் பார்த்ததில்லை. பைக் சீட்டிலும் உறைதான். வெயிலில் தொடை வெந்தாலும் வேகுமே தவிர அதைக் கழற்ற மனசு வராது.

அவர் மகள் மாரிச்செல்வி பத்தாம் வகுப்பு. ஒரு வருஷமாக வீட்டில் ஒரே பாட்டு: "எனக்கு ஒரு ட்ரோன் வேணும்ப்பா."

அண்ணாச்சி டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், பிள்ளைக்கு முதல் ட்ரோன். நம்ம கைக்கு எட்டுற மாதிரி ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணுல கேமரா இருக்கு. இன்னொண்ணு பொடிசு, இறக்கையைச் சுத்திக் கூண்டு, கேமரா கிடையாது. எதை வாங்க?"

"ரெண்டும் எங்கிட்ட கிடக்கு. ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வி விடிவதற்குள் குளித்துத் தயாராகிவிட்டாளாம். நானும் அன்று மைதானத்தில் இருந்தேன். அவர்கள் வந்ததும் டீச்சர் முதலில் கேமரா ட்ரோனைக் கொடுத்தார்.

"பாத்து" என்றார் அண்ணாச்சி.

ட்ரோன் எழும்பியது.

"பாத்து, பாத்து! உயர விடாத. காத்து அடிக்கி, இறக்கு, இறக்கு!"

அது முழங்கால் உயரம் போய் அப்படியே இறங்கியது. அண்ணாச்சிக்குப் பரம திருப்தி.

"பாத்தியளா டீச்சர்? ஒரு கீறல் இல்ல."

"பறக்கவும் இல்ல" என்றார் டீச்சர். அடுத்ததாகப் பொடிசைக் கொடுத்தார்.

பிள்ளைக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பொடிசு விர்ரென்று ஏறியது, வளைந்தது, நேரே போய் கோல் கம்பத்தில் இடித்துத் தரையில் விழுந்தது.

மாரிச்செல்வி ட்ரோனைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தாள்.

அண்ணாச்சி தலையில் கை வைத்து, "போச்சு போ!" என்றார்.

அவள் ரிமோட்டைப் புல்லில் வைத்தாள். "எனக்கு ட்ரோன் வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பைக் நிற்கும் இடத்துக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஒரு வருஷ ஆசை.

"இதென்ன டீச்சர், நான் ஏசக்கூட இல்லையே! ட்ரோன் வேண்டாம்னு சொல்லுதா. இப்ப நான் எதை வாங்க?"

டீச்சர் கேமரா ட்ரோனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நெஞ்சு உயரத்துக்குத் தூக்குங்க."

தூக்கினார்.

"கையை விடுங்க."

"என்னது?"

"கீழ போடுங்க அண்ணாச்சி."

"விளையாடாதீய டீச்சர்!" அண்ணாச்சி அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

டீச்சர் அதை வாங்கி வைத்துவிட்டு, கம்பத்தடியில் கிடந்த பொடிசைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதை?"

அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பத்தில் அந்த இடி இடித்தும் கூண்டு அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார்.

பொடிசு தரையில் பட்டு, தவளை மாதிரி துள்ளி, ஒரு குட்டிக்கரணம் போட்டு அவர் செருப்பின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

அண்ணாச்சிக்கு அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பைக் பக்கம் நின்றவள் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அப்பா முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஓடி வந்தாள்.

"உடைஞ்சிட்டாப்பா?"

"உடையவா? குதிக்கி பிள்ள, இங்க பாரு!"

அவள் ரிமோட்டைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். பொடிசு எழும்பியது. கம்பத்தைத் தாண்டி, எங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. அடடா, என்ன அழகு! மறு வட்டத்தில் வேப்பமரத்தில் இடித்துப் பொத்தென்று விழுந்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. விழுந்ததை எடுக்க ஓடினாள்.

"டீச்சர்" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எதை வாங்கணும்னு இன்னும் நீங்க சொல்லலையே?"

"எது விழுந்தா உங்களுக்குச் சிரிப்பு வருதோ, அதை."