கூப்பிடாத மூன்று பேர்

“டீச்சர், இந்த மோதிர விரலை வேலையை விட்டே தூக்கணும்.”

ஆவுடையப்பன் இடது கையை நீட்டினார். குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவது போல் நீட்டினார்.

கிறிஸ்டில்டா ஒரு கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“அது என்ன செஞ்சுது அண்ணாச்சி?”

“சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கு.”

அவளுக்கு வயது இருபத்தாறு. அவருக்கு நாற்பத்தொன்பது. அவள் பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் கிட்டார் சொல்லிக்கொடுத்தாள். அவர் காவலர் பயிற்சிப் பள்ளியில் கவாத்து சொல்லிக்கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் ‘நில்’ என்றால் நூறு பேர் நிற்பார்கள். ‘நட’ என்றால் நூறு பேர் நடப்பார்கள்.

நாலு விரல்தான் கேட்கவில்லை.

அவர் கிட்டார் பக்கம் வந்ததற்குக் காரணம் பேச்சிமுத்து. பயிற்சிக்கு வந்த புதுக் காவலன். எல்லோருக்கும் இடது கால் முன்னே போகும்போது வலது கை வீசும். பேச்சிமுத்துவுக்கு இடது காலோடு இடது கையும் கிளம்பிவிடும்.

“சொன்னபடி கேக்காத உடம்புன்னு ஒண்ணு கிடையாதுலே!” என்று ஒருநாள் காலை முழுவதும் அவனைத் திட்டினார் ஆவுடையப்பன்.

அன்று சாயங்காலம் பேச்சிமுத்து மரத்தடியில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் கூட்டம். ஆவுடையப்பனும் போய் எட்டிப் பார்த்தார். கிட்டாரில் அவன் கை தப்பே செய்யவில்லை.

“ஐயா, இதைப் பிடிங்க. உங்க நாலு விரலும் நீங்க சொன்னபடி கேக்குதான்னு பாப்போம்.”

பிடித்தார். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் ஒரு சத்தம் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஆவுடையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“உங்க பயிற்சி முடியுத அன்னைக்கு மேடையில ஒரு முழுப் பாட்டு வாசிக்கேன். வாசிக்கலைன்னா அதே மேடையில மீசையை எடுக்கேன்.”

அந்த மீசைக்குத் தினமும் கால் மணி நேரம் ஒதுக்குபவர் அவர். நூறு பேரும் கைதட்டினார்கள்.

இப்போது அந்த நாளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

பாடம் என்னவோ எளிதுதான். கிட்டாரின் கழுத்தில் வரிசையாகக் கட்டங்கள் உண்டு. கட்டத்துக்கு ஒரு விரல். ஆள்காட்டி விரல் ஒன்று, நடுவிரல் இரண்டு, மோதிர விரல் மூன்று, சுண்டு விரல் நான்கு. ஒன்று இறங்கி அழுத்தும்போது மற்றவை கம்பிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஆவுடையப்பனுக்கு மூன்று இறங்கினால் நான்கு கொடிக்கம்பம் போல் எழுந்து நின்றது. ஒன்றும் இரண்டும் கம்பியைப் பிடித்து நெரித்தன.

“தண்டனையும் கொடுத்துப் பாத்துட்டேன் டீச்சர்.”

“விரலுக்கா?”

“ஆமா. ரப்பர் பேண்டு மாட்டி, காலைல இருநூறு தடவை இழுக்க வச்சேன். மத்த மூணும் ஒழுங்கு. அதுகளுக்கு ஒண்ணும் கிடையாது.”

“இப்ப எப்படி இருக்கு?”

“இரும்பா இருக்கு.”

“வாசிங்க.”

வாசித்தார். மூன்றாவது விரல் சுத்தியல் போல் இறங்கியது. நான்காவது முன்னைவிட உயரமாக எழுந்தது.

கிறிஸ்டில்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சிரிக்காதீங்க டீச்சர். மீசை போயிரும்.”

“போனா வளராதா அண்ணாச்சி?”

“மீசை வளரும். நூறு பேர் முன்னால சொன்ன சொல்லு வளருமா?”

அவள் கிட்டாரைக் கீழே வைத்தாள்.

“நாளைக்குக் காலைல உங்க கவாத்தைப் பாக்க வரலாமா?”

“வாங்க, அதுக்கு அனுமதி வாங்கிருதேன். கிட்டார்?”

“அது இங்கயே கெடக்கட்டும்.”

*

மறுநாள் மைதானத்தில் ஆவுடையப்பன் தம்முடைய வித்தை எல்லாவற்றையும் காட்டினார். நூறு பேர் நடந்தார்கள். திரும்பினார்கள். நூறு பூட்ஸும் ஒரே பூட்ஸ் போல் விழுந்தன.

“எப்படி?” என்றார்.

“நல்லா இருக்கு. ஒரு நாலு பேரை மட்டும் நிறுத்துங்க.”

நிறுத்தினார்.

“மூணாவது ஆளை மட்டும் ஒரு எட்டு முன்னால வரச் சொல்லுங்க.”

இவ்வளவுதானா என்பது போல் அவளைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தி, “நம்பர் மூணு!” என்று முழங்கினார். வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. மூன்றாவது ஆள் டக்கென்று முன்னால் வந்து நின்றான்.

“வந்துட்டான் பாருங்க.”

“வந்துட்டார். நாலாவது ஆள் என்ன செஞ்சார்?”

“அவனை நான் கூப்பிடவே இல்லையே.”

“இன்னொரு தடவை கூப்பிடுங்க. மூணாவது ஆளைப் பாக்காதீங்க.”

மூன்றாவது ஆள் வரிசைக்குத் திரும்பினான். ஆவுடையப்பன் மறுபடியும் முழங்கினார். இந்த முறை அவர் கண் மூன்றாவது ஆளிடம் போகவில்லை.

நாலாவதாக நின்றவன் பேச்சிமுத்து. அவன் குதிகால் தரையைவிட்டு எழும்பி இறங்கியது. இரண்டாவது ஆளின் தாடை இறுகியது. முதல் ஆள் மூச்சையே நிறுத்திவிட்டான்.

“ஏம்லே அசைஞ்ச?”

“அசையலை ஐயா!”

“நான் பாத்தேன்லே.”

“அது... தானா வந்துட்டு ஐயா.”

“உன்னையா கூப்பிட்டேன்?”

பேச்சிமுத்து எச்சில் விழுங்கினான்.

“நீங்க அடுத்து யாரைக் கூப்பிடுவீங்கன்னு தெரியாதுல்லா ஐயா.”

ஆவுடையப்பன் கிறிஸ்டில்டா பக்கம் திரும்பினார். அவள் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமை பாப்போம் அண்ணாச்சி” என்று கிளம்பிவிட்டாள்.

*

சனிக்கிழமை அவர் வெற்றியோடு வந்தார்.

“குத்தவாளியைக் கண்டுபிடிச்சாச்சு டீச்சர். மூணு இல்லை. நாலுதான்! அதை இப்ப எழும்ப விடுததில்லை.”

“வாசிங்க.”

வாசித்தார். சுண்டு விரல் எழவில்லை. எழாமல் இருக்கத் துடித்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டு பலகையாகிவிட்டது. கட்டை விரல் பின்னாலிருந்து கிட்டாரின் கழுத்தை நெரித்தது. நாலு சுரம் போவதற்குள் அவர் கையை உதறினார்.

“வலிக்குதா?”

“முழங்கை வரைக்கும்.”

“போன தடவை அதுக்கு வேலை இல்லை. இப்ப வேலை கொடுத்துட்டீங்க.”

“என்ன வேலை? சும்மா இருன்னுதானே சொல்லுதேன்?”

“எந்தக் குரல்ல சொன்னீங்க?”

ஆவுடையப்பன் எழுந்தார். கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

*

திங்கட்கிழமை காலை, கவாத்து முடிந்ததும், அதே நாலு பேரை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

“மூணாவது ஆள் வரணும். மத்தவன் எவனும் அசையக் கூடாது!”

மூன்றாவது ஆள் வந்தான். மற்ற மூவரும் அசையாமல் இருக்கும் முயற்சியில் நடுங்கினார்கள்.

சரி, இவர்களைத் தளர்த்துவோம் என்று நினைத்தார். அதற்குக் கவாத்தில் கட்டளை இருக்கிறதே!

“ஸ்டாண்ட் அட் ஈஸ்!”

மூன்று இடது கால்கள் படாரென்று அகன்று விழுந்தன. மூன்று ஜோடிக் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டன. மூன்று நெஞ்சுகள் முன்னைவிட விறைத்தன.

ஆவுடையப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொடுத்த கவாத்தில் ஒரு கட்டளைகூட, கூப்பிடாத ஆளுக்கானது இல்லை.

மூன்றாவது ஆளை வரிசைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்ற மூவரின் அருகில் போனார். டீக்கடையில் பேசும் குரலில் பேசினார்.

“ஏலே, உங்க மூணு பேரையும் இன்னைக்குக் கூப்பிடவே மாட்டேன்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நெசமாவா ஐயா?” என்றான் பேச்சிமுத்து.

“நெசமாத்தான். இந்த இடத்தை விட்டுப் போயிரக் கூடாது. அவ்வளவுதான். எப்படி நின்னா வசதியோ அப்படி நில்லுங்க.”

முதல் ஆள் மூச்சு விட்டான். இரண்டாவது ஆள் முட்டியைத் தளர்த்தினான். பேச்சிமுத்து கொட்டாவி விட்டான். பிறகு பயந்து வாயைப் பொத்தினான். ஐயா ஒன்றும் சொல்லவில்லை என்று கண்டதும் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பருந்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஆவுடையப்பன் காத்திருந்தார். பிறகு சத்தம் போடாமல், “மூணு” என்றார்.

மூன்றாவது ஆள் ஒரு எட்டு வைத்து முன்னால் வந்தான்.

பேச்சிமுத்து பருந்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். உடனே வாசிக்கவில்லை. நாலு விரலையும் கம்பிமேல் சும்மா படுக்கவைத்தார். அவை கனமாகும்வரை பொறுத்தார். பிறகு மூன்றாவதை மட்டும், சத்தம் வந்தால் போதும் என்ற அளவுக்கு, அழுத்தினார்.

மணி போல் ஒரு சத்தம் வந்தது.

அடுத்த சுரத்துக்குப் போக அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. அதற்கடுத்ததற்கு இன்னொரு நிமிடம். சாப்பாடு ஆறிவிட்டது.

புதன்கிழமை சைக்கிள் கடை மாடியில் அதே வேகத்தில் வாசித்துக் காட்டினார். கிறிஸ்டில்டா கடைசிவரை கேட்டாள். பாதியில் நிறுத்தவில்லை.

“இந்த வேகத்துல போனா பாட்டு முடிய ராத்திரியாயிரும் டீச்சர்.”

“வேகம் பின்னால வரும் அண்ணாச்சி. அதைக் கூப்பிட வேண்டாம்.”

“சரி, மேடைக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுங்க. நல்ல மார்ச் மெட்டா இருக்கட்டும். எனக்குப் பொருத்தமா.”

“தாலாட்டு சொல்லித்தாரேன்.”

“தாலாட்டா? இந்த மீசையை வச்சுக்கிட்டா?”

“மீசையைக் காப்பாத்தணும்லா?”

ஆவுடையப்பன் மறுபேச்சுப் பேசாமல் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார்.

*

பயிற்சி முடிந்த நாள். சாயங்காலம் ஐந்து மணி.

மைதானத்தில் பந்தல். முன்வரிசை நாற்காலியில் டி.எஸ்.பி.யும் அதிகாரிகளும். ஓரத்தில் கிறிஸ்டில்டா. பின்னால் ஜமுக்காளத்தில் நூறு புதுக் காவலர்கள், முழு உடுப்பில், முதுகெலும்பு நேராக, கைகள் முழங்கால்மேல்.

மேடையில் நடுவே ஒரு முக்காலி. அதன் பக்கத்தில், யாரோ குறும்பாக, ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரையும் சவரக் கத்தியும் வைத்திருந்தார்கள்.

ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்தார். விரலை வைத்தார்.

முதல் சுரம் ‘கர்’ என்றது.

யாரும் சிரிக்கவில்லை. நூறு பேரும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். டி.எஸ்.பி.யும் நிமிர்ந்தார். நூற்றுச் சொச்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய இடது கையைப் பார்த்தார்கள். அந்தக் கையும் விறைத்துக்கொண்டு வந்தது.

இன்னொரு முறை வைத்தார். மறுபடியும் ‘கர்’.

பின்வரிசையில் ஒருவன் கிண்ணத்தைப் பார்த்தான். பார்த்ததற்கு வருந்துவது போல் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆவுடையப்பன் கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். கிறிஸ்டில்டா இருந்த பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். ஒரு வரிசை விடாமல், மெதுவாகப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார்.

நூறு பேரும் முழக்கத்துக்குத் தயாரானார்கள்.

“பிள்ளைகளா,” என்றார்.

அந்தச் சொல்லை அந்த மைதானத்தில் யாரும் கேட்டதில்லை.

“வாசிக்கப்போறது நான். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. பெல்ட்டைத் தளத்திக்கோங்க. காலை நீட்டி உக்காருங்க.”

ஒருவரும் அசையவில்லை. நூறு ஜோடிக் கண்கள் டி.எஸ்.பி.யின் முதுகுக்குப் போயின.

டி.எஸ்.பி. ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அதன் பிறகு பந்தல் முழுவதும் ஒரு சத்தம் எழுந்தது. லாரியிலிருந்து அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிவைப்பது போன்ற சத்தம். பெல்ட்டுகள் தளர்ந்தன. கால்கள் நீண்டன. முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. யாரோ இருமினார்கள். யாரோ பக்கத்தில் இருந்தவனிடம் தண்ணீர் கேட்டார்கள்.

ஆவுடையப்பன் எல்லோரும் முடிக்கும்வரை காத்திருந்தார். நாலு விரலையும் கம்பிமேல் படுக்கவைத்தார்.

பிறகு வாசித்தார்.

பாட்டு முடியும்வரை ஒருவரும் நிமிர்ந்து உட்காரவில்லை.