புல்வெளியில் தனியே சிவந்தவள்

மரங்களுக்கெல்லாம் கால் இருந்த அந்தக் காலத்தில், நீலமலையின் உச்சியில் ஒரு சோலைக்காடு ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. மழை பிடித்து மண் இளகியதும் மரங்கள் வேரை உருவிக்கொண்டு கிளம்பும். ஈரமும் வெயிலும் தோதாக இருக்கும் ஒரு மலைமடிப்பைப் பார்த்து உட்காரும். மழை ஓய்ந்து மண் இறுகிவிட்டால் அடுத்த மழை வரைக்கும் அதுதான் வீடு.

நடப்பதற்கும் நிற்பதற்கும் அவர்களிடம் ஒரு முறை இருந்தது. ஒருவர் கிளையை ஒருவர் கோத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெரியவர்கள் வெளிவட்டத்தில், குட்டிகள் நடுவில். எங்கே போய் நின்றாலும் தலைக்கு மேல் இலைக்கூரையில் ஓர் ஓட்டைகூட இருக்கக் கூடாது. ஏன் அப்படி என்று கேட்டால் பாதி மரங்களுக்குத் தெரியாது. எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வெயில் காயப் போய்விடுவார்கள். காரணம் மறந்துபோன வழக்கம் எத்தனை நாளைக்குத் தாங்கும், நீங்களே சொல்லுங்கள்.

காரணம் உறைபனி. அவனுக்கு வானத்திலிருந்து நேராக இறங்க மட்டும்தான் தெரியும். வளைந்து நெளிந்து கூரைக்கடியில் நுழைய வராது. வானம் பார்க்கக் கிடக்கிற எதன்மேலும் வந்து உட்காருவான். அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் இலை கருகிவிடும். அவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவன் வேலை அது.

சோலையின் கடைசி ஓரத்தில் நிற்பவள் காட்டுப்பூவரசு. பூவரசி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அப்போதெல்லாம் அவளுக்குப் பட்டை மெல்லிசு. பூவும் வெளுப்பு, வண்டு தவிர யாரும் திரும்பிப் பார்க்காத பூ. கூரையின் விளிம்பை இழுத்து மூடிக்கொண்டு நிற்பது அவள் பொறுப்பு. அவளுக்கு ஒரே மகள், பெயர் இணுக்கு. பெயருக்கேற்ற அளவில்தான் இருந்தாள்.

அந்தச் சமயம் உறைபனி வெகு காலமாக மலைப்பக்கமே வரவில்லை. குளிர்காலம் வரும், நீர்ப்பனி புல்லை நனைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். அதற்குள் ஒரு தலைமுறை மரங்கள் பிறந்து வளர்ந்து பருத்துவிட்டன. அவர்களில் பெரியவன் கருநாவல். சோலையில் அவன் சொன்னால் சொன்னதுதான்.

கருநாவலுக்கும் ஒரு வேதனை இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் குட்டிகள் இரண்டும் கூரை நிழலில் வெளிறிப்போய் நின்றன. வெளியே பரந்து கிடந்த புல்வெளியிலோ வெயில் கொட்டியது. மழைக்காலம் தொடங்கியதும் அவன் எல்லோரையும் கூட்டி, இந்தத் தடவை மடிப்பு எதற்கு, புல்வெளிக்கே போய்விடுவோம், கைகோத்து நிற்பதும் வேண்டாம், ஆளுக்கொரு பக்கம் தள்ளி நின்றால்தான் எல்லோருக்கும் வெயில் கிடைக்கும் என்றான். இளமரங்கள் சந்தோஷத்தில் கிளையை ஆட்டின.

பூவரசிக்கு மனசு ஒப்பவில்லை. புல்வெளியின் பள்ளத்தில் சதுப்பு கிடந்தாள். ஓரத்தில் நிற்கிற பூவரசிக்கு அவள்தான் அண்டைவீட்டுக்காரி. சதுப்பு ஒரு விசித்திரப் பிறவி. விழுங்கியது எதுவும் அவளுக்குச் செரிக்காது. காற்றில் வந்து விழும் மகரந்தம் எல்லாம் வருடவாரியாக அவள் வயிற்றில் அப்படியே படிந்து கிடக்கும். பூவரசி அவளிடம் போய், முன்பு எப்போதாவது மரங்கள் இப்படி வெளியே வந்ததுண்டா என்று கேட்டாள்.

சதுப்பு சோம்பலாகப் புரண்டு தன் விலாவைத் திறந்து காட்டினாள். அடியில் கறுப்பாக ஒரு படிவு. அதில் நாவல், பூவரசு, இன்னும் என்னென்னவோ மரங்களின் மகரந்தம். அதற்கு மேலே வெளிறிய ஒரு படிவு. அதில் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. அதற்கும் மேலே மறுபடி மரம், மறுபடி வெறும் புல்.

"பனி வராத காலம் கொஞ்சம் நீண்டா ஒங்க ஆளுங்களுக்குத் தைரியம் வந்துடும்" என்றாள் சதுப்பு. "கையை விட்டுட்டு வெளிய வருவாங்க. அதுக்கு மேல என்ன இருக்குன்னு நீயே பாரு பூவரசி. ஒவ்வொரு தடவையும் இதேதான்."

பூவரசி ஓடி வந்து கருநாவலிடம் சொன்னாள். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். சதுப்பு சேற்றில் கிடப்பவள், அவளுக்கு எதைப் பார்த்தாலும் பழசுதான் ஞாபகம் வரும் என்றான்.

"என் ஒடம்புக்குள்ள எத்தன வளையம் இருக்குன்னு ஒனக்குத் தெரியும். ஒண்ணுலகூட உறைபனி பட்ட தழும்பு இல்ல. நான் பாக்காத ஒண்ணுக்காக எம்புள்ளைங்கள இருட்டுல வளக்கச் சொல்றியா?"

தான் நின்ற காலத்தைத் தவிர வேறு காலமே கிடையாது என்று நினைப்பது மரங்களுக்கே உரிய கோளாறு. 

சோலை புல்வெளிக்கு நடந்தது. கோத்த கிளைகளை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் பரந்து நின்றார்கள். குட்டிகள் எல்லோருக்கும் முன்னால் ஓடி, புல்வெளியின் நட்டநடுவில் போய் வேர் பதித்தன. கருநாவலின் பிள்ளைகளோடு இணுக்கும் போனாள். பூவரசி மட்டும் பழைய மடிப்பின் ஓரத்தை விட்டு அசையவில்லை. மகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வெயில் நன்றாக இருக்கிறதம்மா, நீயும் வா என்று அங்கிருந்தே பதில் வந்தது.

மழை ஓய்ந்தது. மண் இறுகியது. குட்டிகள் நன்றாகவே தழைத்தன, பார்க்கிறவர்கள் கருநாவலைப் புகழ்ந்தார்கள். பூவரசியின் கண் மட்டும் புல்லின் மேலேயே இருந்தது. அந்த வருடம் புல் சீக்கிரமாகவே பழுத்தது. பச்சையை எல்லாம் வேருக்கு இறக்கிக்கொண்டு, மேலே காய்ந்த தாளை மட்டும் விட்டு வைத்தது. புல் அடிக்கடி அடிபட்ட ஜாதி. அது ஒளிந்துகொள்கிறதென்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

பிறகு மார்கழியில் அந்தச் சாயங்காலம் வந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. காற்று சட்டென்று நின்றது. எப்போதும் புல்வெளியில் படுக்கும் கடமான் கூட்டம் அன்றைக்கு எழுந்து, வரிசையாக நடந்து, காலியாகக் கிடந்த மடிப்புக்குள் போய் ஒண்டியது. ஓடையின் சத்தம் இத்தனை தெளிவாகப் பூவரசி கேட்டதே இல்லை.

"அண்ணே, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. இன்னிக்கு எறங்குறான்."

மண் கல்லாக இறுகிக் கிடக்கிறது, இப்போது வேரை உருவினால் அறுந்துவிடும், இனி ஒருநாளும் நடக்க முடியாது என்று கருநாவல் தயங்கினான். தயங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் புல்லின் நுனி வெளுத்தது. அடுத்தது அவன் உச்சியில் ஓர் இலை. அது நுனியிலிருந்து காம்பு வரை கறுத்துச் சுருண்டதை அவன் தன் கண்ணால் பார்த்தான். அவன் வாழ்நாளிலேயே முதல் தடவை.

"கையப் பிடிங்க" என்று கத்தினான். "எல்லாரும் கையப் பிடிங்க, உள்ள போங்க."

மரங்கள் வேரறுத்துக்கொண்டு ஓடின. அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. மடிப்புக்குள் போய் விழுந்து, தடுமாறி, கிளையைக் கிளை தேடிக் கோத்துக் கூரையை மூடினார்கள். மூடிய பிறகுதான் பார்த்தார்கள், நடுவில் குட்டிகள் இல்லை. குட்டிகளின் இளவேருக்கு இறுகிய மண்ணைப் பிளக்கும் வலு கிடையாது. அவை புல்வெளியின் நடுவில் அப்படியே நின்று அழுதுகொண்டிருந்தன.

கூரை முழுக்கக் கருநாவலைப் பிடித்துத்தான் நின்றது. அவன் நகர்ந்தால் கூரை திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் மொத்தச் சோலையும் போய்விடும். அது அவனுக்குத் தெரிந்தது. பூவரசி, நீயாவது உள்ளே வந்து ஓரத்தை மூடு, வெளியே இருப்பது போனது போனதுதான் என்றான். தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் அப்படிச் சொன்னான், பாவம்.

"ஒங்க கெளையத் தாழ எறக்குங்க அண்ணே" என்றாள் பூவரசி. "எனக்குன்னு வெச்ச எடத்த நீங்களே மூடிக்கங்க."

சொல்லிவிட்டு அவளும் வேரறுத்துக்கொண்டு கூரையை விட்டு வெளியே நடந்தாள்.

குட்டிகளின் மேல் தன் கிளைகளைக் கவிழ்த்துக்கொண்டு குனிந்தாள். மிஞ்சிய வேரால் மண்ணைக் குத்திக் குத்திப் பொடித்து ஒவ்வொரு குட்டியாக விடுவித்தாள். அதற்குள் உறைபனி அவள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றுவிட்டான்.

"கூரைக்குள்ள நிக்க வேண்டியவ இங்க என்ன பண்றே?" என்று கேட்டான்.

"இதுவும் கூரதான்."

"ஒத்த மரம் கூரையாகாது."

"குட்டிங்களுக்கு ஆகும். என்னத் தாண்டி நீ எறங்க முடியாதில்ல?"

உறைபனி யோசித்தான். முடியாதுதான். வளைந்து போக அவனுக்கு வராது. அப்படியானால் எல்லோருக்கும் சேர்த்து உன்மேல்தான் இறங்குவேன் என்றான். இறங்கு என்றாள் பூவரசி.

அவள் சோலையை நோக்கி நகரத் தொடங்கினாள். அவள் நிழலுக்கடியில் குட்டிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகர்ந்தன. முதுகில் பனி ஏற ஏற அவள் நடை தளர்ந்தது. சோலைக்கு இன்னும் கொஞ்சதூரம் இருக்கும்போது வேர் மண்ணோடு உறைந்துவிட்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கிளையை நீட்டினாள். எதிரிலிருந்து கருநாவல் தன் கிளையைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி நீட்டினான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளிதான் பாக்கி. உறைபனி அதன்மேல் வந்து காத்துக்கொண்டிருந்தான். பூவரசி மெல்லிய பட்டை வெடிக்கிற வரைக்கும் இன்னும் நீண்டாள். இலை இலையைத் தொட்டது. அடியில் குட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன.

இணுக்கு கடைசி. அவள் போகவில்லை. அம்மாவின் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீயும் வாம்மா."

"எனக்குக் கால் வரல கண்ணு. நீ போ."

"நீ இருக்கியா இல்லையான்னு உள்ளேருந்து எனக்கு எப்படித் தெரியும்?"

பூவரசிக்கு ஏற்கெனவே குரல் கட்டிக்கொண்டு வந்தது. இனி விடிகிறவரை பேச முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"காலைல பாரு. நான் இருந்தா செவப்பா ஒண்ணு காட்டுறேன். அங்கேருந்தே தெரியும்."

இணுக்கு உள்ளே போனாள். கருநாவல் கிளையை இழுத்து ஓரத்தை மூடினான். உறைபனி தன் முழுப் பாரத்தோடும் பூவரசியின் மேல் உட்கார்ந்தான்.

அவள் தன்னிடம் இருந்த சாற்றையெல்லாம் பட்டைக்கு அனுப்பினாள். உள்ளே ஒரு பட்டை போட்டாள், அது வெடித்தது. அதற்கும் உள்ளே இன்னொன்று போட்டாள். இலைகளின் ஓரத்தைச் சுருட்டி உள்ளுக்கு மடித்து, அடிப்பக்கத்தில் மயிர் வளர்த்துப் போர்த்திக்கொண்டாள். இதெல்லாம் ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சாகப் பயமாக இருந்தது, அதனால் செய்தாள். மிச்சமிருந்த சூட்டை மட்டும் ஒரு மொட்டுக்குள் பொத்தி வைத்தாள்.

சோலைக்குள் எல்லோரும் கோத்த கிளையை விடாமல் விடிகிறவரை நின்றார்கள்.

விடிந்தது. புல்வெளி முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையில் கூனிக்குறுகி, வெடித்த பட்டையோடு, இலையெல்லாம் தொங்கிப்போய் ஓர் உருவம் நின்றது. அதில் அசைவில்லை. கருநாவல் தலையைக் குனிந்துகொண்டான். வெயில் முகட்டைத் தாண்டி வந்து அந்த உருவத்தின் காலடியைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது, தோளைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. இணுக்கு மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

அப்புறம் உச்சிக் கிளையில் ஒரு மொட்டு மெதுவாகத் திறந்தது. அதுவரை அந்த மலை அப்படி ஒரு சிவப்பைக் கண்டதில்லை.

தான் பார்த்துவிட்டதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அம்மா இன்னும் உறைந்துதான் கிடந்தாள், இங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்குமோ என்னவோ. இணுக்குக்குப் பூக்கிற வயசும் இல்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு புதுத்தளிர். மூச்சையெல்லாம் கூட்டி அதைச் சிவக்கச் செய்து, கூரையின் ஓரத்தில் நீட்டிப் பிடித்தாள். அவளைப் பார்த்துக் கருநாவலின் பிள்ளைகளும் நீட்டின. பிழைத்து வந்த அத்தனை குட்டிகளும் நீட்டின. பூவரசி பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த மழை வந்தபோது கருநாவல் அவளை உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினான். அவள் வேர் பிறகு மண்ணை விடவே இல்லை. அந்த ஓட்டத்தில் வேரறுந்த மற்ற மரங்களாலும் அதற்குப் பின் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் மலையுச்சிச் சோலை கிளையைக் கிளை கோத்து, ஓரத்தைத் தாழ இறக்கிக்கொண்டு, மடிப்பைவிட்டு வெளியே வராமல் நிற்கிறது. காட்டுப்பூவரசு மட்டும் தடித்த பட்டையோடு புல்வெளியில் தனியே நின்று, பனிக்காலத்தில் தான் இருப்பதைச் சொல்லிச் சிவப்பாகப் பூக்கிறது. உள்ளே எந்தக் குட்டி தளிர் விட்டாலும், பச்சையாவதற்கு முன்னால் ஒருமுறை சிவந்து அவளுக்குக் காட்டிவிடுகிறது.